ஐந்து வருடம்தானே?

பென்ஷன் வாங்கும் வயதை 65-லிருந்து 60 ஆகக் குறைக்கப் போகிறார்கள் என்று ஒரு செய்தி வந்தால், "ஐந்து வருடம்தானே, கொடுத்துவிட்டுப் போகட்டுமே" என்றுதான் பெரும்பாலோருக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை. அந்தக் கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

அதற்கு முன், எந்தப் பென்ஷனைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். அரசு ஊழியர் ஓய்வு பெற்ற பின் வாங்குகிறாரே, அது இல்லை. வயதாகிவிட்டது என்ற காரணத்துக்காக ஓர் அரசு தன் மக்களுக்கு மாதாமாதம் தரும் பணம் இது. இதில் இரண்டு ரகம். ஒன்றில், வேலை செய்யும் காலத்தில் சம்பளத்தில் ஒரு பங்கைச் சந்தாவாகக் கட்டுகிறோம், கட்டியதைப் பொறுத்துப் பின்னால் கிடைக்கிறது. ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா போன்ற நாடுகளில் இதுதான் முறை. இன்னொன்றில் சந்தாவே கிடையாது. வரிப்பணத்திலிருந்து அரசு எடுத்துக் கொடுக்கிறது. இந்தியாவின் முதியோர் உதவித்தொகையும் நேபாளம், தென்னாப்பிரிக்கா நாடுகளின் முதியோர் தொகையும் இந்த ரகம். 'வயதைக் குறைப்பது' என்று இரண்டுக்கும் ஒரே பேரைச் சொன்னாலும், நடப்பது ஒன்றல்ல. குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

மீதிப் பாதி, தகுதி வயதையும் ஓய்வு பெறும் வயதையும் ஒன்றென்று நினைப்பதால் வருவது. தகுதி வயது என்பது பணம் வர ஆரம்பிக்கும் வயது. வேலையை எப்போது விடுகிறோம் என்பது தனிக் கதை. பல நாடுகளில் பென்ஷனும் வாங்கிக்கொண்டு வேலைக்கும் போகலாம். அதேபோல 58-ல் வேலை போய்விட்டு, வேறு இடத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளாமல், 65 வரை சம்பளமும் இல்லாமல் பென்ஷனும் இல்லாமல் நடுவில் நிற்பவர்களும் உண்டு. வயதைக் குறைக்கச் சொல்லிக் கேட்கிறவர்களில் இவர்களுடைய நியாயம்தான் வலுவானது என்பது என் எண்ணம்.

சரி, கணக்குக்கு வருவோம். சந்தா கட்டும் முறையை எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் 20 வயதில் வேலைக்குப் போகிறார்கள், 80-ல் கண்ணை மூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வயதுக்கும் ஒரே ஓர் ஆள். பென்ஷன் வயது 65. அப்படியானால் உழைக்கிறவர்கள் 45 பேர், வாங்குகிறவர்கள் 15 பேர். மூன்று பேர் சேர்ந்து ஒருவரைத் தாங்குகிறார்கள். சம்பளம் 100, பென்ஷன் 40 என்றால், அந்த 40-ஐ மூன்றாகப் பிரித்து ஆளுக்கு 13 சொச்சம் சந்தா கட்ட வேண்டும்.

இப்போது வயதை 60 ஆக்குங்கள். உழைக்கிறவர்கள் 40, வாங்குகிறவர்கள் 20. ஒருவரைத் தாங்க இரண்டே பேர். ஆளுக்கு 20 ரூபாய். 13 சொச்சம் இருந்தது 20 ஆகிவிட்டது. ஒன்றரை மடங்கு!

ஐந்து வருடத்துக்கு இவ்வளவா என்று கேட்டால், அந்த ஐந்து பேர் செய்ததைப் பார்க்க வேண்டும். அவர்கள் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இல்லை. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள். இப்போது கையைக் கழுவிக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பரிமாறும் கை ஐந்து குறைந்தது, இலை ஐந்து கூடியது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நகர்வதால்தான் இந்தத் தாவல். (உண்மை வாழ்க்கையில் 60 ஆனதும் எல்லோரும் வேலையை விட்டுவிடுவதில்லை, அதற்கு முன்பே விட்டவர்களும் இருப்பார்கள். அதனால் ஏற்றம் இவ்வளவு கூர்மையாக இருக்காது. திசை மட்டும் மாறாது.)

சந்தாவை ஏற்ற முடியாது என்று அரசு சொன்னால் என்ன ஆகும்? அதே 13 சொச்சத்தை இரண்டு பேர் கட்டினால் 27 ரூபாய்கூட முழுதாகத் தேறாது. பென்ஷன் 40-லிருந்து அங்கே இறங்க வேண்டும். அதுவும் வேண்டாம் என்றால் பொது வரியிலிருந்தோ கடனிலிருந்தோ ஈடுகட்ட வேண்டும். இந்த மூன்று கதவுகளைத் தவிர நாலாவது கதவு இல்லை. வயதைக் குறைக்கிறோம் என்று அறிவிக்கிறவர்கள் எந்தக் கதவு என்று பெரும்பாலும் சொல்வதில்லை.

போலந்து நாட்டில் நடந்தது இதற்கு நல்ல பாடம். 2012-ல் ஒரு சட்டம் போட்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் பென்ஷன் வயதைப் படிப்படியாக 67-க்கு உயர்த்த முடிவு செய்தார்கள். கடும் எதிர்ப்பு. ஆட்சி மாறியது. 2017 அக்டோபரில் பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65 என்று பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். மக்களுக்குச் சந்தோஷம். ஆனால் 1999-லிருந்து அங்கே பென்ஷனைக் கணக்கிடும் முறையே வேறு. ஒவ்வொருவர் பேரிலும் ஒரு கணக்கு இருக்கும். சேர்ந்த தொகையை, இன்னும் எத்தனை மாதம் உயிரோடு இருப்பார் என்ற சராசரி மதிப்பீட்டால் வகுத்து மாதத் தொகையைத் தருவார்கள். 67-க்குப் பதில் 60-ல் வெளியே வரும் பெண்ணுக்கு, சேர்ந்த தொகை குறைவு, வகுக்கும் மாதங்கள் அதிகம். இரண்டு பக்கமும் அடி. வயதைக் குறைத்தது அரசு, அதற்கான விலையைத் தன் மாதத் தொகையில் கொடுத்தது அந்தப் பெண். இங்கே திறந்தது இரண்டாவது கதவு.

இதே கதவை ஒளிக்காமல் திறந்து வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. அமெரிக்காவில் 1960-லும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு முழுப் பென்ஷன் 67 வயதில். ஆனால் 62-லேயே கேட்டு வாங்கலாம். அப்படி வாங்கினால் 30 சதவீதம் வெட்டு, அதுவும் ஆயுசுக்கும். இந்தியாவில் வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் 58 வயதுக்கு முன்னால், 50-லிருந்தே வாங்க வழி இருக்கிறது. முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். இதை வயதுக் குறைப்பு என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் ஒரு வகையில் அதுவேதான். அவசரம் உள்ளவர் எடுத்துக்கொள்ளலாம், கஜானாவுக்குப் பெரிய நட்டமில்லை. ஒரே சிக்கல், அவசரம் உள்ளவர் பெரும்பாலும் ஏழையாக இருப்பார், வெட்டும் அவருக்கே விழும்.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று குறுக்கே வரும். 65 என்ற எண்ணை ஜெர்மனியின் அன்றைய ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் தன் வயதைப் பார்த்து வைத்தாராம். அந்த வயதை யாரும் எட்டமாட்டார்கள் என்று தெரிந்தே வைத்தாராம். ருசியான கதை, ஆனால் தவறு. 1889-ல் வந்த அந்தச் சட்டத்தில் வயது 70. பிஸ்மார்க்குக்கு அப்போது 74. ஜெர்மனி 65-க்கு இறங்கியது 1916-ல், அவர் இறந்து பதினெட்டு வருடம் கழித்து. அதாவது உலகின் பேர்போன 65 என்ற எண்ணே ஒரு வயதுக் குறைப்பில் பிறந்ததுதான்.

'யாரும் எட்டமாட்டார்கள்' என்பதிலும் ஒரு பிழை இருக்கிறது, அது இன்றைக்கும் பேச்சில் அடிபடுவதால் சொல்கிறேன். பிறக்கும்போது கணிக்கும் சராசரி ஆயுள் 45 என்றால், 45-ல் எல்லோரும் போய்விடுவார்கள் என்று அர்த்தமில்லை. குழந்தையிலேயே இறந்தவர்கள் அந்தச் சராசரியைக் கீழே இழுத்திருப்பார்கள். அந்தக் கண்டத்தைத் தாண்டி 60-ஐத் தொட்டவர் அதற்குப் பின்னும் பல வருடம் இருந்தார். பென்ஷன் கணக்குக்கு வேண்டியது 60 வயதைத் தொட்டவருக்கு இன்னும் எத்தனை வருடம் என்பதுதான். "நம் சராசரி ஆயுள் இவ்வளவுதான், அதனால் வயதைக் குறைக்க வேண்டும்" என்று யாராவது வாதிட்டால், எந்தச் சராசரி என்று கேளுங்கள்.

இனி, இத்தனை செலவிருந்தும் வயதைக் குறைக்க ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த இடமே இதுதான்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 16 வயதில் கட்டட வேலைக்குப் போனவர். செங்கல்லும் சிமெண்டும் சுமந்த முதுகு. 70-ல் இறந்துபோகிறார். இன்னொருவர் 25 வரை படித்து, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். 85 வரை இருக்கிறார். பென்ஷன் வயது இருவருக்கும் 65. முதலாமவர் 49 வருடம் உழைத்து 5 வருடம் வாங்குகிறார். இரண்டாமவர் 40 வருடம் உழைத்து 20 வருடம் வாங்குகிறார். சட்டம் இருவரையும் சமமாக நடத்தியிருக்கிறது, முடிவு மட்டும் சமமாக இல்லை. உடலால் உழைத்தவர்களும் ஏழைகளும் சராசரியில் முன்னதாக இறக்கிறார்கள் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை.

வயதை இருவருக்கும் 60 ஆக்கினால்? கட்டடத் தொழிலாளிக்கு 5 வருடம் 10 ஆகிறது, இரட்டிப்பு. நாற்காலிக்காரருக்கு 20 வருடம் 25 ஆகிறது, கால் பங்கு கூடுதல். விகிதத்தில் பார்த்தால் லாபம் தொழிலாளிக்குத்தான். ஆனால் செலவாகும் பணத்தைப் பார்த்தால் இருவருக்கும் அதே ஐந்து வருடம். சம்பளத்தையொட்டிய பென்ஷன் என்றால் நாற்காலிக்காரரின் ஐந்து வருடத்துக்கே கூடுதல் செலவு. முதுகு ஒடிந்தவருக்கு உதவப் போய், முதுகு நேராக இருப்பவருக்கும் அதைவிடப் பெரிய தொகையைக் கொடுக்க வேண்டியதாகிறது.

அப்படியானால் முதலாமவருக்கு மட்டும் குறைக்கலாமே என்ற யோசனை தானாக வரும். செய்தும் பார்த்திருக்கிறார்கள். பிரேசிலின் 1988 அரசியலமைப்பு, கிராமப்புறத் தொழிலாளர்களுக்கு வயதை ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 55 என்று வைத்தது, நகரத்தவரைவிட ஐந்து வருடம் முன்னால். தொகையும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது. வயல் வேலை செய்தவரின் உடம்பு சீக்கிரம் தேயும் என்பதைச் சட்டமே ஒத்துக்கொண்டது. நேபாளம் 1990-களின் நடுவில் ஆரம்பித்தபோது வயது 75, மாதம் 100 ரூபாய். 2008-ல் அதை 70 ஆக்கினார்கள். தலித்துகளுக்கும், பின்தங்கிய கர்ணாலிப் பகுதிக்காரர்களுக்கும் மட்டும் 60. மற்றவர்களுக்கு 2022-ல் 68 ஆனது. யாருடைய ஆயுள் குறைவோ அவருக்குக் கோட்டை முன்னால் இழுத்தார்கள்.

ஜெர்மனி வேறு வழியில் போனது. 2014 ஜூலை முதல், 45 வருடம் சந்தா கட்டியவர்கள் 63-லேயே வெட்டு இல்லாமல் பென்ஷன் வாங்கலாம் என்றது (பின்னால் பிறந்தவர்களுக்கு அந்த 63 படிப்படியாக 65 வரை ஏறும்). கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நீண்ட இடைவெளி விழாமல் 45 வருடம் கட்ட முடிந்தவர் யார்? பெரும்பாலும் நிலையான வேலையும் ஓரளவு உடல்நலமும் வாய்த்தவர். 52-ல் இடுப்பு போனவர் அந்த 45-ஐத் தொடவே மாட்டார். கோட்டை எங்கே போட்டாலும் அதற்கு ஒரு மயிரிழை வெளியே ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

ஆண் பெண் வேறுபாடும் இந்தக் கோட்டோடு சேர்ந்த கதைதான். பிரிட்டனில் 1940-ல் பெண்களின் வயதை மட்டும் 65-லிருந்து 60-க்கு இறக்கினார்கள். மனைவி வழக்கமாகக் கணவரைவிடச் சில வயது சின்னவர். கணவருக்கு 65 ஆகும்போது இருவருக்கும் சேர்ந்து பென்ஷன் வரட்டும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பெண்கள் அதிக காலம் வாழ்பவர்கள் என்பது கணக்கில் எங்கோ மறைந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65 என்று இருந்தது. ஆண்கள் நீதிமன்றம் போனார்கள். 2008-ல் 63, 2009-ல் 61, 2010-ல் 60 என்று ஆண்களின் வயதை இறக்கிச் சமமாக்கினார்கள்.

வரிப்பணத்தில் தரும் பென்ஷனில் கணக்கே மாறிவிடும் என்று மேலே சொன்னேன். அங்கே தொகை சிறியது. அதை நம்பி யாரும் வேலையை விடப் போவதில்லை, அதனால் 'பரிமாறும் கை' குறைவதில்லை. இலை மட்டும்தான் கூடுகிறது. எத்தனை இலை? இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 65-ம் அதற்கு மேலும் ஆனவர்கள் சுமார் 6.6 கோடி. 60-லிருந்து எண்ணினால் சுமார் 10.4 கோடி. 60 முதல் 64 வரை மட்டும் கிட்டத்தட்ட 3.8 கோடிப் பேர். வயதுப் படிக்கட்டில் கீழ்ப்படியில் பெரும்பாலும் கூட்டம் அதிகம். மேலே ஏற ஏறத்தான் ஆள் குறைவார்கள். ஆகவே கோட்டை ஐந்து வருடம் இறக்கினால் சேர்வது மிகப் பெரிய படியில் நிற்கும் கூட்டம்.

இந்திய அரசின் முதியோர் ஓய்வூதியம் 1995 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியபோது வயது 65, தொகை 75 ரூபாய். 2006-ல் 200 ரூபாய் ஆனது. 2011 ஏப்ரல் 1 முதல், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வயது 60 ஆகக் குறைந்தது. 80 வயதைக் கடந்தவர்களுக்கு 500 ரூபாய் ஆக்கினார்கள். 60-லிருந்து 79 வரையானவர்களுக்கு மத்திய அரசின் பங்கு அதே 200-ல் நின்றுவிட்டது. மாநிலங்கள் தங்கள் பங்கையும் சேர்த்துத் தருவதால் கைக்கு வருவது இடத்துக்கு இடம் மாறும். ஜார்க்கண்ட் 2024-ல் இன்னும் கீழே இறங்கி, பெண்களுக்கும் பழங்குடி, தலித் மக்களுக்கும் 50 வயதிலேயே தருகிறது. இந்த வகைப் பென்ஷனில் உண்மையான போட்டி வயதுக்கும் தொகைக்கும் நடுவில்தான். கையில் இருக்கும் அதே பணத்தில் 62 வயதுக்காரரைச் சேர்ப்பதா, 75 வயதுக்காரரின் தொகையை ஏற்றுவதா? 62-ல் கூலி வேலைக்குப் போக ஓரளவு முடியும், 75-ல் அதுவும் முடியாது. என்னைக் கேட்டால் தொகை கேலிக்குரிய அளவில் இருக்கும்வரை அதை ஏற்றுவதே முதல் வேலை. ஆனால் 62-ல் உடம்பு விழுந்தவர் எதிரே வந்து நின்றால் இந்த வாதத்தை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

"பெரியவர்கள் சீக்கிரம் போனால் இளைஞர்களுக்கு வேலை கிடைக்குமே" என்ற வாதத்தை அதிகம் இழுக்க வேண்டாம். ஒரு நாட்டில் வேலைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நாற்காலிபோல் போட்டு வைத்திருக்கவில்லை. பல நாடுகளின் தரவுகளைப் பார்த்த பொருளாதார ஆய்வுகள் இந்த வாதத்துக்குப் பெரிதாக ஆதரவு தரவில்லை.

குறைத்ததைத் திரும்ப ஏற்றுவது எப்படிப்பட்ட பாடு என்பதற்கு உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. நியூசிலாந்து 1977-ல் எல்லோருக்கும் 60 என்று தாராளமாக அறிவித்தது. செலவு தாங்காமல் 1992-ல் ஏற்ற ஆரம்பித்து 2001-ல் 65-க்கு வந்து சேர்ந்தது. பிரான்ஸ் அதிபர் மித்தரான் ஆட்சியில் 1982-ல் 60 ஆக்கியது. 2010-ல் 62-க்கு ஏற்றியபோதும் 2023-ல் 64-க்கு ஏற்றச் சட்டம் போட்டபோதும் லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். பிரிட்டனில் 1940-ல் 60-க்கு இறக்கிய பெண்கள் வயது, ஆண்களின் 65-ஐ மறுபடி தொட்டது 2018-ல். எழுபத்தெட்டு வருடம்! நடுவில் மாட்டிக்கொண்ட 1950-களில் பிறந்த பெண்கள், தங்களுக்குச் சரியாக முன்கூட்டிச் சொல்லவே இல்லை என்று இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

இறக்கும்போதும் படிப்படியாகச் செய்வதுண்டு. கனடா 1966-ல் ஆரம்பித்து வருடத்துக்கு ஒரு வயதாக 70-லிருந்து இறங்கி 1970-ல் 65-க்கு வந்தது. ஒரே நாளில் ஐந்து வயதுக் கூட்டமும் வந்து குவியாமல் இருக்க இது உதவும். கருவூலத்துக்கு மட்டுமில்லை, மனுவை வாங்கிச் சரிபார்க்கும் அலுவலகத்துக்கும்.

அப்புறம், யாரும் அதிகம் பேசாத ஒன்று: வயதை எப்படி நிரூபிப்பது. சட்டத்தில் 60 என்று எழுதுவது சுலபம், 60 ஆகிவிட்டது என்று காட்டுவது சுலபமில்லை. இந்தியாவில் எத்தனையோ முதியவர்களின் ஆதார் அட்டையில் பிறந்த நாள் ஜனவரி 1 என்றிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வருடத்தைத் தோராயமாகச் சொல்லியிருப்பார்கள், தேதி தானாக விழுந்திருக்கும். அந்தத் தோராயத்தில் இரண்டு வருடம் தவறினால் பென்ஷனும் இரண்டு வருடம் தவறும்.

பிரிட்டனின் முதல் முதியோர் பென்ஷன் சட்டம் 1908-ல் வந்தது. 70 வயதானால் வாரம் 5 ஷில்லிங் வரை, 1909 ஜனவரி 1 முதல் தபால் நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம். அயர்லாந்தும் அப்போது அதே ஆட்சியில் இருந்தது. அங்கே பிறப்பைப் பொதுவாகப் பதியத் தொடங்கியதே 1864-ல்தான். 70 வயதுக்காரர் யாரிடமும் சான்றிதழ் இருக்க வழியில்லை. ஆனால் 1839 ஜனவரி 6 இரவு அந்தத் தீவையே ஒரு பெரும் புயல் புரட்டிப் போட்டிருந்தது. கூரைகள் பறந்த அந்த ராத்திரிக்குப் 'பெருங்காற்று இரவு' என்றே பெயர். பென்ஷன் கேட்டு வந்தவர்களிடம், அந்த ராத்திரி நினைவிருக்கிறதா என்று கேட்டு வயதை முடிவு செய்த கதைகள் நிறைய உண்டு. சரியாக 70 வயது நிறைந்தவர் என்றால் அன்றைக்குப் பிறந்த குழந்தையாகவோ கைக்குழந்தையாகவோ இருந்திருப்பார், நினைவிருக்க வழியே இல்லை. ஆனாலும் நன்றாக நினைவிருக்கிறது என்று சொன்னவர்களுக்குக் குறைவில்லை. அதிகாரிகள் எதிர்பார்த்ததைவிட அயர்லாந்தில் பென்ஷன்காரர்கள் அதிகமாகவே கிளம்பினார்கள்.